கிளறிற்றாவின் பதினான்கு திருப்பங்கள்

86ஆம் இலக்கப் பேருந்தின் மேல்தட்டில் உட்கார்ந்தபடி, கைபேசித் திரைக்குள் அவசரமாக நடந்துகொண்டிருக்கிறார் கிளறிற்றா. புதிர்ச் சுவர்களுக்குள் வழி கண்டுபிடிக்கும் அந்த விளையாட்டில் ஆள் உருவம் கிடையாது. பார்ப்பவரின் கண்தான் நடக்கும். இரு பக்கமும் ஒரே சாம்பல் சுவர். "நாலாம் தலம், மாதாவைச் சந்திச்சாச்சு. இடக்கைப் பக்கம்... அஞ்சு, சீமோன்." முட்டுச்சந்து வந்தால் 'ச்சு' கொட்டுகிறார். "இதில ஆண்டவர் விழுந்திட்டார். திரும்புவம்." பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்.

வயது ஐம்பத்தெட்டு. ஊர் மன்னார், புலம்பெயர்ந்து வந்து குடியிருப்பது குட்மேய்ஸ். பெரிய ஆஸ்பத்திரியொன்றில் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிச் செல்லும் வேலை. ஸ்கானுக்குப் போகிறவரின் பயத்தைப் பேசிப் பேசியே பாதியாக்கிவிடுவார். ஆனால் திசை என்பது அவருக்குச் சுத்த சூனியம். புதிய கட்டடம் திறந்ததும் வந்தது வினை. ஒரு கிழவரை இருபது நிமிடம் ஊர்வலம் கொண்டுபோய், துணி அடுக்கும் அறையில் நிறுத்திவிட்டார். ஸ்கான் தவறிப்போனது. மேற்பார்வையாளன் டெனுசன், இருபத்தேழு வயதுப் பொடியன், ஆறு கிழமை தவணை கொடுத்தான். யாரிடமும் வழி கேட்காமல் ஒருவரைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். தவறினால் சலவைப் பகுதி.

"உடுப்புகளோட என்னத்தைக் கதைக்கிறது?" என்று கிளறிற்றா அழுதே விட்டார்.

அழுது முடித்துத்தான் இந்த விளையாட்டைப் பிடித்தார். ஞாபகத்துக்கு நல்லதென்று கோயிலில் யாரோ சொன்னார்களாம். ஆண்டவர் சிலுவை சுமந்து போய் அடக்கமாகும் வரையான சிலுவைப்பாதையின், சிறுவயதிலேயே மனப்பாடமான பதினான்கு தலங்களையும் திருப்பத்துக்கு ஒன்றாக வைத்தார். போவதில் பிசகே இல்லை. உள்ளேயிருக்கும் சாவியை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்புவதுதான் வில்லங்கம். பதினான்கிலிருந்து பின்னோக்கிச் சொல்ல மனம் வரவில்லை.

"கல்லறையில வைச்ச ஆண்டவரைத் திரும்ப எடுத்துச் சிலுவையில அறையிறதே? பாவமெல்லே!"

இரண்டு கிழமை, சாவியும் கையுமாக உள்ளேயே சிக்கிக் கிடந்தார். ஒரு காலை பாண் தின்றுகொண்டிருக்கும்போது பிடிபட்டது. "அடக்கம் பண்ணிப்போட்டு மாதா வந்த வழியாலதானே வீட்டை போயிருப்பா!" அன்றிலிருந்து விளையாட்டிலும் ஆஸ்பத்திரி நடைபாதைகளிலும் போகும்போது ஆண்டவரோடு, வரும்போது மாதாவோடு.

சோதனை நாளன்று ஸ்கான் அறைக்கு நான்கு நிமிடம் முந்தியே போய்ச் சேர்ந்தார். திரும்பும்போது ஒன்பதாவது திருப்பத்தில் நடைபாதையை அடைத்து வைத்திருந்தார்கள். தண்ணீர்க் குழாய் உடைந்ததாம். பின்னால் வந்த டெனுசன் கட்டட வரைபடத்தை விரித்துவிட்டு முழித்தான்.

"அன்ரி, இப்ப எங்க நிக்கிறம்?"

"ஒன்பதில. ஆறாம் தலத்து வெரோணிக்கா இந்தச் சுவருக்கு அங்கால நிக்கிறா. வலக்கையால சுத்திப் போனால் அவவைப் பிடிக்கலாம்."

சுற்றினார். தள்ளுகதவைத் திறந்தால், அச்சொட்டாக ஆறாவது திருப்பம். கிளறிற்றாவுக்குப் பெருநாள் வந்த மாதிரி இருந்தது. மிச்சத் தூரத்தை ஓட்டமும் நடையுமாகத் தள்ளினார். நாற்காலியில் இருந்த வெள்ளைக்கார அம்மையார் கைதட்டினார்.

வார்டு வாசலில் மூச்சு வாங்க வந்து நின்ற டெனுசன், இன்னும் வரைபடத்தில் வெரோணிக்காவைத் தேடிக்கொண்டிருந்தான். கிளறிற்றா அதை அவன் கையிலிருந்து எடுத்து, தலைகீழாக இருந்ததை நேராக்கி, திரும்ப அவன் கையிலேயே வைத்தார்.