பேன் சீப்பு சடையப்பன்

கத்தரிக்காயின் காம்பைத் திருகிப் பார்த்து, காதருகே வைத்துத் தட்டி, வெயிலில் காட்டித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கூடையிலேயே போட்டுவிடுகிறார் சடையப்பன். சொத்தை ஒன்றுமில்லையே என்கிறாள் காய்க்காரி. "வெளியில இல்ல. உள்ள இன்னா கீதுன்னு யாரு கண்டா?" செங்கல்பட்டுச் சந்தையில் அவர் தலை தெரிந்தாலே சிலர் கூடையைத் துணியால் மூடிக்கொள்கிறார்கள்.

தொழில் வக்கீல் குமாஸ்தா. டெரிலின் சட்டைப் பையில் இரண்டு பேனா: ஒன்று எழுத, மற்றது முதல் பேனா ஒழுங்காக எழுதுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க.

ஒரு நாள் அவருடைய வக்கீல், எதிராளியின் பத்திரத்தை 'ஃபைன் டூத் கோம்' போட்டு வாரிவிட்டேன் என்று கோர்ட்டில் இங்கிலீஷில் முழங்கினார். நெருக்கமான பல் வைத்த சீப்பு. ஒன்று விடாமல் துருவி ஆராய்வதை அப்படிச் சொல்வார்கள் என்று ஜூனியர் விளக்கியதும் சடையப்பனுக்குப் புல்லரித்துவிட்டது. "அட, நம்ம பேன் சீப்பு. வெள்ளக்காரன் தலயிலயும் பேன் இருந்துகீது பாரு." அன்று பிடித்தவர் அந்தச் சீப்பைக் கீழே வைக்கவில்லை. பஸ் டிக்கெட், மளிகைப் பொட்டலம், கோயில் சுண்டல், எல்லாவற்றுக்கும் ஒரு வாரல்.

அதில் வகையாகச் சிக்கியது மகள் கண்ணகியின் கல்யாணம். ஒரு மாப்பிள்ளைக்கு இடது தோள் இறக்கமாம். ஒருவன் சிரிக்கும்போது கண்ணை மூடுகிறானாம். பொத்தேரி இடத்தில் மாடு மெலிந்திருந்தது. மாட்டுக்கே போடாதவன் பெண்ணுக்கு என்ன போடுவான் என்று எழுந்து வந்துவிட்டார். கண்ணகியோடு படித்தவர்கள் இடுப்பில் பிள்ளையோடு வந்து போனார்கள். கடைசியாகத் திருப்போரூர் தனகோடி வந்தான், பம்ப்செட் மெக்கானிக். அவன் பார்த்துவிட்டுப் போனதும் கண்ணகி அம்மாவிடம் சொன்னாள்: "இத்தயும் அப்பா கெடுத்தாருன்னா, இனிமே எவன் முன்னாடியும் வந்து நிக்க மாட்டேம்மா."

மாப்பிள்ளை வீடு பார்க்கச் சடையப்பனும் மனைவி ஆதியம்மாளும் போனார்கள். சம்பந்தம் முடிவாகும்வரை அங்கே கை நனைக்கக் கூடாது. இலையில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் தனகோடியின் அம்மா செங்கம்மாள் இலை போடட்டுமா என்றபோது, காபிகூட வேண்டாம் என்று சடையப்பன் கறாராக மறுத்துவிட்டார். தூணைத் தட்டினார். உத்தரத்தில் கரையான் தேடினார். கிணற்றில் ஒரு வாளி இறைத்து வாயில் விட்டுக் கொப்பளித்தார். அவர் முகம் மலர்ந்தது. குற்றம் கிடைத்துவிட்டது.

"தண்ணி கரிக்குதே. இதுல பருப்பு வேவுமா?"

ஆதியம்மாள் அவர் முழங்கையை இடித்தாள். செங்கம்மாள் அசரவில்லை. நீங்களே பார்த்துவிடுங்கள் என்று, சமைத்திருந்த சோற்றையும் சாம்பாரையும் இலையில் கொண்டுவந்து வைத்தாள். சடையப்பன் ஒரு பருப்பை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினார். நசுங்கியது. ஒற்றைப் பருப்பை வைத்து எப்படித் தீர்மானிப்பது? சோற்றோடு பிசைந்து வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். மேலே மிதப்பது வெந்திருக்கலாம், அடியில் கிடப்பது எப்படியோ என்று, கரண்டியை ஆழ விட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். அப்பளம் ஒன்று நொறுங்கும் சத்தமும் கேட்டது.

கூடத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் ஜம்புலிங்கம் மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "சம்மந்தி கை நனைச்சிட்டாரு. தாம்பூலத் தட்ட எடுத்தாங்க."

சடையப்பனுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு, இது சாப்பாடு அல்ல, பரிசோதனை, சட்டப்படி செல்லாது என்று கோர்ட்டுத் தமிழில் வாதாடினார்.

"பரிசோதன பண்றவரு ரெண்டாந்தபா கொழம்பு கேப்பாரா, நைனா?" என்றார் ஜம்புலிங்கம். கூடமே சிரித்தது.

சடையப்பன் ஆதரவுக்கு மனைவியைப் பார்த்தார். "இந்த வூட்டுல எல்லாத்தையும் வாரிட்டீங்க. உங்க கையத்தான் பாக்காம வுட்டுட்டீங்க" என்றாள் ஆதியம்மாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "எனக்கும் ஒரு எல போடுங்க, சம்மந்தியம்மா."

செங்கம்மாள் ரசச் சட்டியோடு வந்து நின்றாள். சடையப்பன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இலையில் மிச்சமிருந்த சோற்றைக் குவித்து, அதன் நடுவில் விரலால் மெள்ளக் குழி பறித்தார்.