மேல் பட்டன்

எங்கள் அப்பாவுக்கு எதையும் பார்த்துத்தான் வரைய வரும். அதை அவரும் குறையாகச் சொன்னதில்லை, எங்கள் காம்பவுண்டில் இருந்தவர்களும் குறையாக நினைத்ததில்லை. வேலம்பாளையத்தில் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நின்ற ஏழு வீடுகளில் மூன்றாவது எங்களுடையது. ஏழு வீட்டிலும் அப்பா வரைந்த படம் ஒன்றாவது ஆணியில் தொங்கியது. காலண்டரில் இருந்த முருகன், காலண்டரில் இருந்த மாதா, பனிமலை, அதன் அடியில் யாரும் குடியிருப்பதாகத் தெரியாத ஓட்டு வீடு, இரண்டு அன்னப்பறவைகள். காலண்டர் மேல் பென்சிலால் கட்டம் போடுவார். அதே கட்டங்களைப் பெரிதாகத் துணியில் போட்டு ஒவ்வொன்றாக நிரப்புவார். "அப்படியே அச்சு அசலா இருக்குதுங்க" என்பார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு உண்டென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வாரத்தில் ஆறு நாள் யாரோ கொடுத்த அளவுக்குத் துணி வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டதும், கம்பெனியில் கழித்துப்போட்ட வெள்ளைத் துணியை ஒரு பலகையில் இழுத்துக் கட்டிக்கொண்டு வாசற்படிக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவார். பிரிண்டிங் பட்டறையில் இருந்த கூட்டாளி ஒருவர் மிச்சச் சாயத்தைச் சின்ன டப்பாக்களில் கொடுத்தனுப்புவார். பட்டறையில் எந்த நிறம் ஓடுகிறதோ அதுதான் எங்களுக்கும் வரும். ஒரு வருஷம் எங்கள் சாமிகள் எல்லாம் மாதக்கணக்கில் ஊதா உடுத்தியிருந்தார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. தங்கைக்கு நாலு. அவள் எதையும் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் பார்ப்பாள். எங்கள் வாசலுக்கு முன்னால் ஓடிய சாக்கடையில் சாயப்பட்டறைத் தண்ணீர் வரும். நிறம் மாறினால் உள்ளே வந்து, "இன்னிக்குப் பச்ச" என்று சொல்லிவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொள்வாள். கவுனின் பின்பக்கத்து மேல் பட்டனை மட்டும் போட விடமாட்டாள். எப்போதோ ஒருமுறை பிடரி முடி அதில் சிக்கி இழுத்துவிட்டது. அதிலிருந்து பட்டனைத் தொட்டாலே அழுகை. அம்மாவும் கீழ்ப் பட்டன்கள் இரண்டை மட்டும் போட்டு அனுப்பிவிடுவாள்.

ஐப்பசி மழையில் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பக்கத்து வீட்டுத் திருநெல்வேலி அக்காவிடம் இருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் அந்த அக்கா என் தலையைப் பின்னிவிட்டுக்கொண்டே, பின்னலை முடிக்காமல், என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பின்னல் பாதியில் நிற்கிறதே என்பதுதான் அப்போது எனக்குக் கவலையாக இருந்தது. அப்பாவின் ஊரான கணியூரில், அவர் காட்டு மண்ணில் தங்கையை வைத்துவிட்டு வந்தோம்.

அவளுக்கென்று ஒரு போட்டோ இல்லை. மொட்டையடித்த அன்று எடுத்த படத்தில் அழுது தலையை உதறிவிட்டாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கலங்கல்தான் விழுந்திருந்தது. பொங்கலுக்கு ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்று இருந்தார்கள்.

அம்மா வீட்டிலிருந்தபடி பனியன் தையலில் நீட்டியிருக்கும் நூல் பிசிறை வெட்டுபவள். தங்கை போன பிறகு கையில் கத்தரி ஓடிக்கொண்டே இருந்தது, பேச்சு நின்றுவிட்டது. எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு அடுப்புப் பக்கமே இருந்துகொள்வாள். நாங்கள் எழுந்த பிறகு சாப்பிட்டாளா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெறும் பலகையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தபோது, அவளாகவே வந்து பேசினாள்.

"ஏனுங்க, சின்னவளை ஒரு படம் வரஞ்சு குடுங்க."

"எனக்குப் பாத்துத்தான வரும். இப்ப எதப் பாத்து வரையறது?"

"தெனமும் பாத்தீங்கல்லங்க" என்றாள் அம்மா.

அப்பா காலை எட்டு மணிக்குப் போய், நாங்கள் தூங்கிய பிறகு திரும்புகிறவர். பகலில் எங்களைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்கும் அவர் கண் காலண்டரில் இருக்கும். இதை அம்மா தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவர் முயன்று பார்த்தார். முதலில் வந்தது காலண்டரில் வெண்ணெய் தின்னும் கண்ணனின் கன்னம். அதை எடுத்துவிட்டு வேறு துணியில் வரைந்ததில் பால்பவுடர் டப்பாவில் சிரிக்கும் குழந்தை வந்தது. அம்மா ஒவ்வொன்றையும் வந்து பார்த்தாள். "இது காலண்டருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். திருநெல்வேலி அக்காதான் வழி சொன்னாள்.

"மூக்கு ரெண்டு பிள்ளைக்கும் ஒண்ணுதாம்ணே. பெரியவள உக்கார வச்சுப் பாருங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த ஞாயிறுகள் எனக்குச் சந்தோஷமாக இருந்தன. பவுடர் பூசிக்கொண்டு, முகத்தை நேராக வைத்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் அதுவரை என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. நடுநடுவே கேட்பார்.

"பாப்பா சிரிச்சா எந்தக் கன்னம் ஏறும் கண்ணு?"

எனக்குத் தெரியாது. வலது என்று சொன்னேன். அடுத்த வாரம் அதே கேள்விக்கு இடது என்று சொன்னேன். அவர் இரண்டையும் நம்பி வரைந்தார். கடைசியில் அம்மா வந்து பார்த்துவிட்டு, "இது பெரியவளும் இல்ல, சின்னவளும் இல்ல. உட்ருங்க" என்றாள். அந்த முகத்தில் பாதியாவது என்னுடையது என்று நினைத்திருந்த எனக்கு அழுகை வந்தது.

அதற்கடுத்த ஞாயிறு அப்பா வழக்கம்போலப் பலகையைக் கட்டினார், ஆனால் என்னைக் கூப்பிடவில்லை. நான் கொஞ்ச நேரம் அவர் எதிரில் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். பிறகு வாசற்படியில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். சாக்கடையில் சிவப்பு வந்துகொண்டிருந்தது. தங்கையைப் போலச் செய்ய வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. அந்தப் படி அப்படி உட்காரத் தோதான உயரம், அவ்வளவுதான்.

"எந்திரிக்காத கண்ணு. அப்படியே இரு" என்றார் அப்பா. அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

கால் மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அவர் கட்டம் போடவில்லை. வெயில் சாய்வதற்குள் படம் முடிந்துவிட்டது. நான் போட்டிருந்தது நீலப் பாவாடை. படத்தில் மஞ்சள் கவுன் இருந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பிள்ளை என்னில் பாதிதான் இருந்தாள். பிடரியில் ஈரமான பூனைமுடி. கவுனின் கழுத்து இரண்டு பக்கமும் விரிந்து, மேல் பட்டன் போடாமல் கிடந்தது. அவளுக்கு அந்தப் பக்கம் சிவப்பாக ஒரு கோடு. முகமே இல்லை. ஆனால் யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது யோசித்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவருக்கும் சாக்கடைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவள் அவள். காலண்டரிலிருந்து தலை நிமிர்ந்தபோதெல்லாம் அவர் பார்த்தது அந்த முதுகைத்தான்.

அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"பட்டன் போடாம உட்டுட்டீங்க."

"ம்."

"போட்டா அழுவா" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் எங்களோடு தட்டு வைத்துச் சாப்பிட்டாள்.

படத்தை டிவிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். அம்மா ஒரு கட்டுப் பிசிறு வெட்டி முடித்ததும் நிமிர்ந்து அதைப் பார்ப்பாள், பிறகு அடுத்த கட்டை அவிழ்ப்பாள். நான் பள்ளிக்கூடத்தில், எங்கப்பா என்னை வரைந்திருக்கிறார் என்று சொல்லியிருந்தேன். உட்கார்ந்தது நான்தானே. கால் மரத்தது எனக்குத்தானே. வீட்டில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. கொமரலிங்கத்திலிருந்து அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, வந்திருந்தார். படத்துக்கு முன்னால் நின்று, "சாமி, இப்பிடித்தான உக்காந்திருப்ப" என்று சொல்லித் துண்டால் கண்ணைத் துடைத்தார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த கொய்யாப்பழப் பையை மறந்து கையிலேயே பிடித்திருந்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

அவர் ஊருக்குப் போன மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. அம்மா வெட்டிய கட்டுகளைக் கம்பெனியில் போடப் போயிருந்தாள். நான் மஞ்சள் டப்பாவைத் திறந்தேன். கவுனின் கழுத்து விரிந்திருந்த இடத்தைப் பொறுமையாக மூடினேன். பூனைமுடியின் மேலும் கொஞ்சம் போயிற்று. நடுவில் வெள்ளையால் வட்டமாக ஒரு பட்டன் வைத்தேன். ஒழுங்காகத்தான் வந்தது. பட்டன் போடவில்லை என்று அம்மாதானே சொன்னாள், நான் போட்டுவிட்டேன் என்ற பதிலையும் தயாராக வைத்திருந்தேன். அந்தப் பதில் பொய் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு பெரிய பொய் என்று தெரியாது.

அம்மா வந்ததும் பார்த்துவிட்டாள். அடிக்கவில்லை. தலைமேல் இருந்த புதுப் பனியன் கட்டை இறக்காமலே நின்றாள்.

"எதுக்கு சாமி இப்பிடிப் பண்ணுன?"

தயார் செய்து வைத்ததைச் சொன்னேன். அவள் கட்டைக் கீழே போட்டுவிட்டு முந்தானையை நனைத்து அந்த இடத்தைத் தேய்த்தாள். துவைத்தாலும் போகக் கூடாது என்று செய்த சாயம் அது. தேய்க்கத் தேய்க்கத் தலைவரை இழுத்துக்கொண்டு போயிற்று. கொஞ்ச நேரத்தில் நிறுத்தினாள். அப்பா வந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். "போகுது உடு. இன்னொண்ணு வரையறேன்" என்று அம்மாவிடம் சொன்னார். மூன்று ஞாயிறு உட்கார்ந்தார், வரவில்லை. நாலாவது ஞாயிறு அம்மா, "போதுங்க" என்று சொல்லிவிட்டு, கறைபட்ட படத்தைப் பழைய புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.

அதன் பிறகு அப்பா காலண்டர் பார்த்து வரையவே இல்லை. ஆனால் வரைவதை விடவும் இல்லை. குழாயடியில் நிற்கிற பெண்கள், ஷிப்ட் முடிந்து டிபன் பாக்ஸோடு போகிறவர்கள், எஸ்டிடி பூத்துக்குள் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துப் பீகாருக்குப் பேசுகிற ஆள் என்று எல்லோரையும் முதுகுப் பக்கமிருந்துதான் வரைந்தார். திருநெல்வேலி அக்கா ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

"ஏண்ணே, இனி மொகமே வரைய மாட்டீயளா? மாதா திரும்பி நின்னா நாங்க எப்பிடிக் கும்புட?"

"எனக்கு இப்பிடித்தான் வருதுங்க" என்றார் அப்பா.

ஆணிக்குப் படம் கேட்டு வருகிறவர்கள் மெல்ல நின்றுபோனார்கள். படங்கள் எங்கள் கட்டிலுக்கடியில் சேர்ந்தன. நான் கல்லூரியில் படித்தபோது ஓவியம் படிக்கும் சிநேகிதி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். இது வேறு யாராலும் வரைய முடியாத படம், யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று அப்பாவைக் கேட்டாள். அவர் கூச்சத்தோடு என்னைப் பார்த்துவிட்டு, டீ போடச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டார்.

ஆனால் அந்த எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது வேறு. படத்தைக் கெடுத்த பிறகும் அப்பா சில ஞாயிறுகளில் என்னை உட்காரச் சொன்னார். முன்போல எதிரே அல்ல. "வாசலப் பாத்துத் திரும்பி உக்காரு கண்ணு" என்பார். என் முகத்தைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை, இதுதான் எனக்குக் கொடுத்த தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். அடி வாங்கியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். யாரிடமும் சொல்லவில்லை.

அப்படி ஒரு ஞாயிறு, பின்னால் பிரஷ்ஷை அலசும் சத்தம் வெகு நேரமாகக் கேட்கவில்லை. என்ன வரைகிறார் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். பலகையில் துணி வெள்ளையாக இருந்தது. பிரஷ் காய்ந்திருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்தையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் இரண்டும் சிவந்திருந்தன. பெரியவர்களுக்குக் கண் சிவப்பது எதற்கென்று எனக்குத் தெரிந்தது ஒரே காரணம்தான். கோபம் இன்னும் தணியவில்லை என்று பயந்துபோனேன்.

"திரும்பிக்க கண்ணு" என்றார்.

சட்டென்று திரும்பிக்கொண்டேன். நான் அசையாமல் இருந்தால் சீக்கிரம் மன்னித்துவிடுவார் என்று நினைத்து, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.