காற்றுப் போகாத வீடு

லண்டனில் புது வீடு கட்டுபவர்கள் அது ஒழுகாது என்று நிரூபிக்க வேண்டும் எனச் சட்டம் வந்தது. மழை ஒழுகுவதைப் பற்றி அந்தச் சட்டத்துக்குக் கவலையில்லை, காற்று ஒழுகக் கூடாதாம். அதன் புண்ணியத்தில் இரண்டாயிரங்களின் பிற்பகுதியில் எனக்கு ஒரு பிழைப்புக் கிடைத்தது. வாசலில் துணித்திரையை இறுக்கிக் கட்டி, அதில் பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே இழுப்பேன். வீடு எவ்வளவு ஒழுகுகிறது என்று மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும்.

லண்டனின் தெற்கே மோர்டன் பகுதியில் ஒரு வீடு. பாரிஸில் பூச்சுவேலை பழகி வந்தவர் தன் கையால் கட்டியது. என் சான்றிதழ் இல்லாமல் கவுன்சில் குடிபுக விடாது. வீட்டுக்காரர்களோ பால் காய்ச்ச நாள் குறித்து, ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார்கள்.

அவர் மனைவிக்குச் சட்டமும் சான்றிதழும் ஒரு பொருட்டே இல்லை.

"அண்ணை, சமையல் மணம் வெளியில போகுமோ எண்டு உங்கட மிஷின் சொல்லுமோ?"

டூட்டிங்கில் மாடிவீடு ஒன்றில் பல வருடம் வாடகைக்கு இருந்தவர்கள். கடுகு வெடித்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். கருவாடு என்ற சொல்லையே வீட்டுக்குள் மெதுவாகத்தான் சொல்வார்களாம்.

"காத்தே போகாட்டி மணம் எப்பிடிப் போகும், தங்கச்சி?" என்றேன், பெரிய விஞ்ஞானி மாதிரி. அவர் முகம் மலர்ந்தது.

விசிறியைப் பூட்டப் போனதும் அந்த முகமே மாறியது. "முன்வாசலால காத்தை இழுத்து வெளியில விட்டா லட்சுமியும் சேர்ந்து போயிடுவா எல்லே?"

"பால் காய்ச்ச முதலே லட்சுமி வந்திட்டாவோ?"

"சாமிப்படம் வைச்சாச்சு."

வாதாடிப் பயனில்லை. உள்ளே ஊதினாலும் சோதனை செல்லும் என்று விதியிலேயே இருப்பதால் விசிறியைத் திருப்பிப் பூட்டினேன். லட்சுமி உள்ளே வரத் தொடங்கினாள். காற்று எங்கோ வெளியே போய்க்கொண்டிருந்தது. வீடு தோற்றது.

கணவர் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினார். "என்ர வேலையில ஓட்டை இருக்காது, அண்ணை. உங்கட மிஷின்தான் பிழை." எனக்கும் கோபம் வந்தது. காற்றுப் போகும் வழியைக் காட்டும் புகைக்குழாயை எடுத்துக்கொண்டு மூலை மூலையாகத் திரிந்தேன். வரவேற்பறையில் புகை நேரே சாமிப்படங்களை நோக்கிப் போய், பிள்ளையாருக்குப் பின்னால் மறைந்தது. பக்தியால் அல்ல என்று எனக்குத் தெரியும்.

படங்களை இறக்க மனைவி விடவில்லை. கணவர் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். கடைசியில் தேங்காய் உடைத்து, பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டு இறக்கினோம். சுவரில் கை நுழையும் அளவில் மூன்று ஓட்டைகள்.

"டிஷ் வயருக்கு," என்றார் கணவர். "ஒண்டு எங்கட தமிழ்ச் சனலுக்கு. மற்றது கிரிக்கெட்டுக்கு."

"மூண்டாவது?"

"பிறகு எதுக்கும் உதவும் எண்டு."

வயர்களைச் சுற்றி அடைத்து, உதவாத ஓட்டையையும் மூடினோம். வீடு தேறியது. குறித்த நாளிலேயே பால் பொங்கியது.

சில வாரம் கழித்து என்னை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். போனபோது கணவர் தோட்டத்தில், அயல்வீட்டு வேலியோரம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றார். உள்ளே மனைவி கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார். ஜன்னல்கள் பூட்டியிருந்தன. அடுப்புக்கு மேலிருந்த விசிறி மணத்தை அயல்வீட்டுப் பக்கம் தள்ளும் என்று அதையும் நிறுத்தியிருந்தார்.

"மணக்குதோ?" என்று கத்தினார்.

"இல்லை," என்றது வெளியிலிருந்து குரல்.

என் சான்றிதழ் பொய்யில்லை. ஒரு துளி மணமும் வெளியே போகவில்லை. எல்லாம் எங்களோடுதான் இருந்தது. புகை திரண்டது, கண் எரிந்தது, கூரையில் அலாரம் அலறத் தொடங்கியது. இருமிக்கொண்டே ஒரு துவாயால் அதற்கு விசிறினேன்.

மனைவி அடுப்பை அணைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு போய் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தார். கடைசியில் முன்கதவையும் அகலத் திறந்து வைத்தார். குளிர் உள்ளே வந்தது, கருவாடு மோர்டனுக்குப் போனது.

"இப்ப மணக்குதோ?"

"மணக்குதப்பா," என்றார் கணவர் பயந்த குரலில். "ரோட்டு வரைக்கும் மணக்குது."

"மணக்கட்டும். ஒளிச்சு ஒளிச்சுச் சமைச்சது போதும். நீங்கள் உள்ள வாங்கோ, சாப்பிடுவம்."