எட்டாம் நம்பர் றிவோல்வர்

எங்கட தொழிலிலை ஆளின்ரை முகத்தைப் பாக்கிறேல்லை, துவக்கின்ரை நம்பரைத்தான் பாக்கிறது.

கனடாவிலை, ஸ்காபரோவிலை பழம்பொருள் ஏலத்திலை விக்கிற கடை ஒண்டிலை ஒன்பது வருசமா நிக்கிறன். துவக்கு, அதுவும் நூறு வருசத்துக்கு மேற்பட்ட றிவோல்வர் வந்தால், பூதக்கண்ணாடி பிடிச்சு இரும்பிலை வெட்டியிருக்கிற நம்பரைப் பாத்து, எல்லாம் சரியெண்டு கையெழுத்து வைக்கிறது என்ரை வேலை. நம்பரைச் சுரண்டியிருந்தாலோ மாத்தியிருந்தாலோ விக்கேலாது, பொலிசுக்குச் சொல்ல வேணும். தெரிஞ்சுகொண்டு மறைச்சனெண்டால் வேலையும் போம், மானமும் போம். கவுண்டருக்குப் பின்னாலை நிண்டு கஸ்டமரோடை மாரடிக்கிற ஆக்கள் ஆரும் இதை வாசிச்சால், என்ரை பாடு விளங்கும்.

ஆயுத பூசை

மல்வேர்னிலையிருந்து ஒரு அன்ரி வந்தா. துவாயிலை சுத்தி, சொப்பிங் பாக்குக்குள்ளை ஒரு றிவோல்வர். அவவின்ரை மனிசன் ஒரு வயசான வெள்ளைக்காரரை இருபது வருசம் வீட்டோடை நிண்டு பாத்தவராம். அந்தாள் சாகேக்கை குடுத்திட்டுப் போனதாம். பாத்தால் எவர்சில்வர் மாதிரி மினுங்குது, நம்பர் இருந்த இடம் வழுவழு எண்டிருக்கு. ஆரோ நம்பரைச் சுரண்டியிருக்கினம் எண்டு நினைச்சன்.

விசாரிச்சால், வருசா வருசம் ஆயுத பூசைக்கு மனிசன்ரை ஸ்குரூட்றைவர், சுத்தியலோடை சேத்து இதையும் கம்பிப் பஞ்சாலை உரஞ்சி, சந்தனப் பொட்டு வைச்சுப் படைச்சிருக்கிறா. நல்ல காலம், கைபிடி மரத்தைக் கழட்ட உள்ளுக்கை அதே நம்பர் முழுசா இருந்தது. "அன்ரி, இதின்ரை மதிப்பே அந்தப் பழைய நிறம்தான்" எண்டன். அவ என்னை ஏற இறங்கப் பாத்தா. "பழசு எண்டால் ஊத்தையா இருக்கவேணும் எண்டு சட்டமே, தம்பி?"

குதிரைக்காரர்

ஒஷாவாவுக்கு அங்காலை பண்ணை வைச்சிருக்கிற ஒரு வெள்ளைக்காரர் கொண்டுவந்த றிவோல்வரிலை, நம்பரின்ரை நட்டநடுவிலை ஒரு ஓட்டை. அவற்றை பூட்டன் குதிரையிலை போகேக்கை துவக்கு விழாமல் இருக்க, ஓட்டை போட்டு வளையம் மாட்டிக் கயிறு கட்டினவராம். ஓட்டை ஒரு இலக்கத்தை விழுங்கிப் போட்டுது. உள்ளுக்கை நம்பர் முழுசா இருக்கிறதாலை விக்கலாம், ஆனால் உதாலை விலை பாதியாப் போம் எண்டு நான் விளங்கப்படுத்தினன். அந்தாள் ஆறுதலா இருந்து கேட்டார். பேந்து இங்கிலிசிலை சொன்னதைத் தமிழிலை சொல்லுறன்: "இருக்கட்டும், ஆனால் துவக்கு ஒருநாளும் விழேல்லை."

ஒண்டின்ரை தலையிலை ஒரு கோடு

மற்றவையின்ரை கதையெண்டால் சிரிச்சிட்டுப் போகலாம். இது என்ரை வீட்டுக் கதை.

என்ரை மனிசியின்ரை தம்பி குகன் மோர்னிங்சைட்டிலை வீடு வித்து வாங்கிக் குடுக்கிறவன். போன் நம்பர், கார் நம்பர், வீட்டு நம்பர் எல்லாத்தையும் கூட்டிப் பாத்துத்தான் மூச்சு விடுவான். ஆசைப்பட்டு ஒரு பழைய றிவோல்வர் வாங்கிக் கண்ணாடிப் பெட்டியிலை வைச்சிருந்தான். பிள்ளை பிறக்கப் போகுது, உந்தச் சனியன் வீட்டிலை வேண்டாம் எண்டு அவன்ரை மனிசி ஒற்றைக்காலிலை நிண்டாப்போலை, விக்கிறதுக்கு என்னட்டைக் கொண்டு வந்தான்.

வெளியிலை 2147. கைபிடியைக் கழட்டினால் உள்ளுக்கை 2141. திருப்பி வெளியிலை பாத்தன். ஏழின்ரை மேல்கோடு மட்டும் புதுசா மினுங்குது. "என்னடா செய்தனி?" எண்டு கேட்டன். பழைய நம்பரைக் கூட்டினால் எட்டு வருதாம், எட்டு சனியின்ரை நம்பராம், வாங்கின மாசமே மூண்டு வீட்டு வியாபாரம் குழம்பினதாம். அதாலை மோதிரத்திலை பேர் வெட்டுற நகைக்கடைக்காரரிட்டைக் குடுத்து, ஒண்டின்ரை தலையிலை ஒரு கோடு இழுப்பிச்சிருக்கிறான். இப்ப கூட்டினால் பதினாலு, அதையும் கூட்டினால் அஞ்சாம், வியாபாரத்துக்குத் திறமாம். இது குற்றமடா எண்டு நான் தலையிலை கை வைக்க, அவன் குரலைப் பதிச்சுக் கேட்டான்: "அப்ப உள்ளுக்கையும் மாத்துவிக்கட்டே, அத்தான்?"

வீட்டு வழக்கு

அண்டைக்கு நான் சாப்பிடேல்லை. கையெழுத்து வைச்சால் ஒன்பது வருசம் என்னை நம்பின முதலாளிக்குத் துரோகம். வைக்காட்டில் தகப்பனாகப் போற பெடியனுக்குப் பொலிஸ் வழக்கு. உண்மையைச் சொன்னால், எனக்குச் சரியான பயம். விடிய எழும்பி முதலாளியிட்டை எல்லாத்தையும் சொன்னன். அவர் ஏசேல்லை. ஒரு லோயரைப் பிடிச்சுக்கொண்டு நீங்களாகவே பொலிசுக்குப் போங்கோ எண்டார். வீட்டிலை சொன்னால், மனிசி பிட்டுக் கோப்பையை என்ரை முன்னாலை டக்கெண்டு வைச்சா. "இஞ்சேருங்கோ, ஒரு சின்னக் கோட்டுக்காக என்ரை தம்பியைப் பிடிச்சுக் குடுக்கப் போறியளோ?" அதுக்குப் பிறகு மூண்டு நாள் என்னோடை கதை இல்லை.

பொலிஸ் ஸ்ரேசன்

லோயர் முன்கூட்டியே எல்லாம் எழுதிக் குடுத்திட்டார். நானும் குகனோடை கூடப் போனன். நகைக்கடைக்காரர் குடுத்த பில்லுத் துண்டிலை "ஒண்டை ஏழாக்கினது" எண்டு ஒழுங்கா எழுதியிருந்தது பெரிய உதவி. ஏன் மாத்தினது எண்டு ஒஃபிசர் கேட்டா. சனிபகவானை இங்கிலிசிலை விளங்கப்படுத்த எனக்கு அரை மணித்தியாலம் பிடிச்சுது. அவ சிரிக்காமல் முழுக்க எழுதினா, அதுதான் எனக்கு வெக்கமாப் போச்சு.

கடைசியிலை றிவோல்வரை எடுத்துக்கொண்டு, கடுமையா எச்சரிச்சு, வழக்கு இல்லை எண்டு விட்டினம். எனக்குக் கண் கலங்கிப் போச்சு. காருக்குள்ளை ஏறி மனிசிக்குப் போன் எடுத்தால், மூண்டு நாளைக்குப் பிறகு "சாப்பிட்டியளோ?" எண்டு கேட்டா. பக்கத்திலை குகன் பொலிஸ் குடுத்த கடுதாசியின்ரை மேல்மூலையிலை இருந்த நம்பரை விரல் மடிச்சு எண்ணிக்கொண்டிருந்தான். பெல்ற்றைப் போடடா எண்டன். அவன் மெல்லமாக் கதவைத் திறந்தான். "அத்தான், உதைக் கூட்டினாலும் எட்டுத்தான் வருது, வேறை நம்பர் போட்டுத் தருவினமோ எண்டு ஒருக்காக் கேட்டிட்டு வாறன்."

துவக்குக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த சனம் நாங்கள், எட்டுக்குத் தப்பிறதுக்குத்தான் இன்னும் ஒரு நாடு கிடைக்கேல்லை.