பயிற்சி கேட்கப் போன கோழிக்கூட்டுச் சீப்பு

பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தபோது, விடுமுறையில் இயந்திரம் ஓடும் இடமொன்றில் பயிற்சி எடுத்துக் கடிதம் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுக்கு ஏற்ற மாட்டார்கள். கொழும்புத் தொழிற்சாலைகளைப் பையன்கள் பிடித்துவிட்டார்கள். எனக்கு எஞ்சியது கல்முனையில் ஒரு நெல் மில்தான்.

மில்காரர் வீட்டில் சொல்வதற்கு மூன்று விடயங்களை மனதில் அடுக்கினேன்: நேரம் தவறமாட்டேன், எண்ணெய்க்கு அஞ்சமாட்டேன், சொல்வதைக் கேட்பேன். நான்காவதாக வாப்பா ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழமும் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பும் சேர்த்தார்.

"ஒராள்ற வாசலுக்குக் கேட்டுப் போறம். வெறுங்கையோட போறதா, மகள்?"

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள், பழமும் இனிப்புமாக. எங்கள் இருவரில் ஒருவராவது இதை யோசித்திருக்கலாம்.

சீப்பைக் கண்டதும் மில்காரரின் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டு உள்ளே ஓடினார். கிணற்றடியில் யாரையோ அவசரமாகக் குளிக்கச் சொல்லும் சத்தம் கேட்டது.

"புள்ளயையும் கூட்டி வந்திட்டீங்க..." மில்காரர் தயங்கினார்.

"அவட விசயம்தானே. அவவே கதைக்கட்டும்," என்றார் வாப்பா பெருமையாக.

கதைத்தேன். "காலையில ஏழு மணிக்கே வந்திருவன், மாமா. என்ன வேலை சொன்னாலும் செய்வன். மூணு மாசம் போதும்."

"மூணு மாசமா? அதுக்குப் பிறகு?"

"போயிருவன். ஒரு கடிதம் மட்டும் எழுதித் தந்தாச் சரி."

திரைக்குப் பின்னால் ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. வாப்பா எனக்குக் கைகொடுக்க நினைத்தார்.

"போன வருசமும் வேற ஒரு இடத்தில இருந்தவதான். அவங்களும் நல்ல கடிதம் குடுத்தாங்க."

"யா அல்லாஹ்!" திரை விலகியது. "என்ட மகனை மூணு மாசத்துக்கா கேக்கிறீங்க?"

"மகனையா?" என்றார் வாப்பா. "நாங்க மில்லில பயிற்சிக்குத்தானே வந்தம்!"

அவருக்குப் பின்னால் ஈரத் தலையும் பெருநாள் சட்டையுமாக நின்ற மகன் கேட்டார்: "அப்ப நான் சட்டையைக் கழட்டட்டா, உம்மா?"

மில்காரர் கண்ணீர் வரச் சிரித்தார். "பயிற்சிக்கெண்டா நாளைக்கே வா, புள்ள. பழத்தை மட்டும் திருப்பிக் கொண்டுபோகாதீங்க."

மூன்று மாதம் முடிந்து அவர் எழுதிய கடிதத்தைப் பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொண்டது. அதில் இருந்தவை மூன்றே வரிகள்: நேரம் தவறாதவர். எண்ணெய்க்கு அஞ்சாதவர். வெறுங்கையோடு வராதவர்.