நான் கட்டாத வேப்பங்கொத்து

திண்டிவனம் மார்க்கெட்டுத் தெருவில் பழைய ஒர்க்‌ஷாப் எது என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். அது நான் உண்டாக்கியது. மூன்றாம் கிளாஸோடு சிலேட்டைத் தூக்கிப் போட்டவன், அடுத்தவர் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கிய குடும்பத்தில் பிறந்தவன், பஸ் கழுவிப் பிழைத்தவன், கடைசியில் இரண்டு பஸ்ஸுக்கு முதலாளி ஆனேன். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரி அடுப்பில் ஓடியபோது எங்கள் பக்கத்தில் அந்த அடுப்பைப் பொருத்திக் கொடுத்தவன் நான். செஞ்சி வரைக்கும் எந்தக் கிணற்று எஞ்சின் நின்றாலும் ஆள் என்னைத் தேடித்தான் வரும். பிள்ளைகள் மூவரையும் காலேஜ் வாசல் மிதிக்க வைத்தேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இப்படி இரும்போடு புழங்கியவனுக்குப் பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் நம்பிக்கை வராது. எஞ்சின் நின்றால் ஒன்று நெருப்பு வரவில்லை, இல்லை எண்ணெய் வரவில்லை. மூன்றாவது காரணம் கிடையாது. அப்படி இருந்தவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுப் போங்கள். இது ராத்திரியில்கூட நடக்கவில்லை. பட்டப்பகலில், ஏழு மோட்டார் சைக்கிள் போட்ட சத்தத்துக்கு நடுவில் நடந்தது.

யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம். எனக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதிருக்கும். பஸ்ஸில் கிளீனர் வேலை. எங்கள் ஊரில் ஒரு டாக்டர் இருந்தார், மோட்டார் சைக்கிள் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. இரண்டு வண்டி வைத்திருந்தார், அதில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஆள் உட்காரத் தொட்டி மாட்டியிருக்கும். வேலை முடிந்து போய் அவர் வண்டியைப் பிரித்துப் பிரித்து மாட்டித்தான் நான் தொழில் கற்றேன், எனக்கு எவனும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவருக்கு மெட்ராஸில் வக்கீல், இன்ஜினியர் என்று சிநேகிதர்கள். மழை விட்டதும் ஆளுக்கொரு வண்டியில் கிளம்பி ஊர் சுற்றுகிறவர்கள். அந்தக் கார்த்திகையில் அவர்களை டாக்டர் நம் பக்கம் கூப்பிட்டிருந்தார். திண்டிவனத்தில் கிளம்பி விழுப்புரத்தில் சாப்பாடு. ஆனால் டிரங்க் ரோடு கூடாது. வளைந்து நெளிந்து போகிற கிராமத்துப் பாதையாக இருக்கவேண்டும், ஏரியும் மலையும் பனங்காடும் கண்ணில் படவேண்டும்.

"ஏகாம்பரம், பாதையை நீ போடுடா," என்றார். "மெட்ராஸ்காரனுங்க வாயைப் பொளந்துக்கினு வரணும். நல்லபடியா முடிஞ்சா மார்க்கெட்டுத் தெருவுல நம்ம முன்கடை பூட்டித்தான் கெடக்குது, ஒர்க்‌ஷாப் வெச்சிக்கோ. கோட்டை விட்டேன்னா மறுபடி பஸ் கழுவப் போயிடு."

அந்த முன்கடைக்காக நான் எமன் வீட்டுக்குக்கூடப் பாதை போட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டாக்டரின் தொட்டி வண்டியை எடுத்துக்கொண்டு அலைந்தேன். தீவனூர்ப் பக்கம் திரும்பி, ஏரி ஏரியாகத் தொட்டு, செஞ்சியிலிருந்து விழுப்புரம் வருகிற ரோட்டில் ஏறுகிற மாதிரி ஒரு வழி பிடித்தேன். பாதை போடுவது என்றால் லேசு இல்லை. காலை வெயில் முகத்தில் அடிக்கக் கூடாது. வளைவில் வரும் மாட்டு வண்டியின் கொம்பாவது முன்கூட்டித் தெரியவேண்டும். சந்தை நாளில் அந்தப் பக்கமே போகக் கூடாது. கேப்பைக் கதிரை ரோட்டில் பரப்பி வைத்திருக்கும் ஊரைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும், சக்கரம் ஏறினால் வழுக்கும். இதெல்லாம் இப்போது பொழுதுபோக்கென்று மோட்டார் சைக்கிளில் சுற்றுகிற பிள்ளைகளுக்குத் தெரியுமா? அன்றைக்கு அந்தப் பாதைகளில் எதிரே வண்டி வராது. ஏரித் தண்ணீர் ரோட்டு ஓரம் வரைக்கும் தளும்பும், பாறைக் குன்றுகள் யானை மந்தை படுத்த மாதிரி கிடக்கும், எஞ்சின் சத்தம் கேட்டுக் கொக்குகள் கூட்டமாகக் கிளம்பும். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த ஈர மண் வாசனை வருகிறது.

கடைசியில் ஒரு சிக்கல். மெட்ராஸ்காரர்களுக்கு வண்டித்தடம் எது, வழி எது என்று தெரியாது. சுண்ணாம்பில் கோடு போட்டால் மழையில் கரைந்துவிடும். யோசித்து ஒரு வேலை செய்தேன். பாதை பிரிகிற இடத்தில் எல்லாம், போகவேண்டிய பக்கத்து மரத்தில், ஆடு எட்டாத உயரத்தில் ஒரு வேப்பங்கொத்து. பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி அதால் கட்டுவது. இது முழுக்க என் மூளை.

எங்கள் பஸ் டிரைவர் முனுசாமி அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"ஏன்டா டேய், அம்மை போட்ட வூட்டுலதான் வேப்பிலை சொருவுவாங்க. நீ மெட்ராஸ்காரனுக்கெல்லாம் மொத்தமா அம்மை இறக்கப் போறியா?"

"சிரிண்ணே, சிரி. நாளன்னிக்கு முன்கடைச் சாவியோட வந்து நிக்கறேன் பாரு."

"அம்மன் தழைடா அது. வெளையாட்டுக்குக் கட்டாத, அவ்ளோதான் சொல்லுவேன்."

நான் காதில் வாங்கவில்லை. சவாரிக்கு முந்தின நாள் சாயங்காலம் போய் எல்லா இடத்திலும் கட்டி முடித்து, பொழுது சாயத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை டாக்டர் வீட்டு வாசலிலிருந்து வண்டிகள் புறப்பட்டன. டாக்டரும் மெட்ராஸ் வக்கீலும் முன்னால். நான் சாமான் மூட்டையோடு தொட்டி வண்டியில் கடைசியில், யாராவது நின்றுபோனால் தூக்கிவிட மெக்கானிக் பின்னால்தானே வரவேண்டும். வழியில் இன்ஜினியரின் வண்டியில் பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டது. அதைச் சரி செய்து அனுப்பிவிட்டு நான் கிளம்பும்போது எல்லோரும் வெகுதூரம் போயிருந்தார்கள்.

ஒரு கிராமத்தை ஒட்டிப் பாதை இரண்டாகப் பிரியும் இடம் உண்டு. ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே உள்ளவர்கள் சண்டைக்கு வருவார்கள். இடது பக்கம் போனால் பெரிய ஏரிக்கரை மேல் ஏறும், அதுதான் நான் போட்ட வழி. நாணல் மறைத்த ஒரு வளைவு, திரும்பியதும் கண் நிறையத் தண்ணீர். மொத்தச் சவாரியிலும் அந்த இடம்தான் என் சாமர்த்தியம் என்று வைத்திருந்தேன். வலது பக்கம் நான் காலே வைத்தது கிடையாது.

அங்கே வந்து பார்த்தால் கொத்து வலது பக்க மரத்தில் தொங்குகிறது. வலது பக்கப் பாதையின் ஈர மண்ணில் சக்கரத் தடம் தடமாகப் பதிந்திருக்கிறது.

எவனோ மாற்றிக் கட்டிவிட்டான், எல்லோரும் எங்கேயோ வயலில் போய் மாட்டிக்கொண்டு நிற்கப் போகிறார்கள், முன்கடை போச்சு, ஆயுசுக்கும் பஸ் கழுவ வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே வலது பக்கம் விட்டேன்.

நம்பமாட்டீர்கள். அந்த மாதிரி ஒரு பாதையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பனைமரங்களுக்கு நடுவில் புகுந்து, ஒரு பாறைக்குன்றைச் சுற்றி, அல்லிக் குளத்தை ஒட்டி இறங்கி, மறுபடி ஏறி, ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு கை பிடித்து இழுத்துக்கொள்ளும். பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அவ்வளவு சுகம். பாதை பிரிகிற இடத்தில் எல்லாம், தவறாமல், ஒரு வேப்பங்கொத்து. ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தி ஏறிப் பார்த்தேன். டியூப் நாடா. நான் இடதுகைக்காரன், என் முடிச்சு மற்றவர்கள் போடுகிறதற்கு நேர் எதிராகத் திரும்பியிருக்கும். அதுவும் அப்படியே இருந்தது.

விழுப்புரம் ரோட்டில் ஏறியதும் எல்லோரும் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். வக்கீல் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "டாக்டர், இவன் பாதை போடலைய்யா, பாட்டுப் போட்டிருக்கான்!"

"சார், இது நான் போட்ட வழி இல்லீங்க. அந்தக் கொத்து நான் கட்டல," என்றேன்.

"பாத்தீரா, என்ன அடக்கம்!" என்று எல்லோரும் சிரித்தார்கள். என் வாழ்நாளில் என்னை அடக்கமானவன் என்று ஒருவர் சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.

சாப்பாட்டுக்கு அவர்கள் விழுப்புரம் போனதும், மனசு கேட்காமல் நான் திரும்பிப் பாதை பிரிகிற அந்த இடத்துக்குப் போனேன். இடது பக்கம் ஏறிப் பார்த்தேன். நாணல் வளைவைத் தாண்டியதும் ரோடு இல்லை. கரை உடைந்து, இரண்டு பனை ஆழத்துக்குப் பள்ளம், அடியில் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. வேகமாக வந்து திரும்பினால் ஒருத்தன் பின்னால் ஒருத்தனாக உள்ளேதான் போயிருப்பார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு பாதை பிரிகிற மரத்தடிக்கே வந்தேன்.

பக்கத்துக் கொல்லையில் அஞ்சலை மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தாள். பாதை பார்க்க வந்த நாட்களில் எல்லாம் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தவள், என்னை நன்றாகத் தெரியும்.

"கரை எப்பக்கா உடைஞ்சிது?"

"கோழி கூவற நேரத்துல. ஊரே ஓடிச்சி. இன்னா தம்பி, மறுபடியும் வந்துட்டே?"

"மறுபடியுமா? இப்பத்தான்க்கா வர்றேன்."

"யாருகிட்ட உடற கதை? விடிகாலையில இந்த மரத்துல தழை கட்டிக்கினு இருந்தியே. தம்பி, தம்பின்னு கத்தறேன், திரும்பிப் பாத்துட்டுப் பேசாமப் போறே."

"நான் இல்லக்கா. வேற யாரோ."

"உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? ஆனா தலையில இன்னாத்துக்கு சாம்பல் பூசிக்கினு இருந்தே? பஞ்சாட்டம் வெளுத்துக் கெடந்துச்சி. இடது காலையும் இழுத்து இழுத்து நடந்தே. முள்ளு கிள்ளு ஏறிடுச்சா?"

விடிகாலையில் நான் திண்டிவனத்தில் டாக்டர் வீட்டு வாசலில் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். டாக்டரே விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவரிடம் சொன்னபோது, "பனியில எவனையோ பாத்திருப்பாடா, உட்டுத் தள்ளு," என்று முன்கடைச் சாவியைக் கையில் கொடுத்தார். சாவி கிடைத்த சந்தோஷத்தில் நானும் விட்டுத் தள்ளினேன்.

டாக்டர் போய்விட்டார், வக்கீல் போய்விட்டார், அஞ்சலையும் இல்லை. எனக்குத் தலை வெளுத்து வெகு காலம் ஆகிறது. போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு விட்டுப்போனதிலிருந்து இடது காலை இழுத்துத்தான் நடக்கிறேன். கண்ணாடி முன்னால் நிற்கும்போது அஞ்சலை யாரைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரிகிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்காதீர்கள், மூன்றாம் கிளாஸ் படித்தவன் நான். ஆனால் இந்தக் கார்த்திகையில் ஒரு நாள் விடிகாலையில் முழிப்பு வந்தது, கால் பாதமெல்லாம் ஈரச் சேறு, கையை முகத்தருகில் கொண்டுபோனால் பச்சைத் தழையின் கசப்பு வாடை. என் மருமகள் பக்கத்து அறையில்தான் படுத்திருந்தாள், கதவுத் தாழ்ப்பாள் உள்ளே போட்டது போட்டபடி இருந்தது என்கிறாள்.

அந்தப் பாதை பிரியும் இடத்தில் இப்போது அம்மன் கோவில் கட்டியிருக்கிறார்கள். ஆபத்துக் காலத்தில் அம்மனே வந்து வழி காட்டினாள் என்று கல்லில் வெட்டி, உபயதாரர்கள் பெயரெல்லாம் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள், மின்விளக்கு கொடுத்தவன் பெயர்கூட இருக்கிறது. அம்மன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கண்ணால் பார்த்த சாட்சி அம்மனைப் பார்த்ததாகச் சொல்லவில்லை, என்னைப் பார்த்ததாகத்தான் சொன்னாள். கோவில்காரர்கள் இதைப் படித்தால் கேட்டுக்கொள்ளட்டும்: அம்மன் பெயருக்குக் கீழேயே போடுங்கள், எழுத்து சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் போடுங்கள். தழை கட்டியது திண்டிவனம் மெக்கானிக் ஏகாம்பரம்.