லினன் அறைக் கதிரை

நான் வேலை செய்யும் ஹோட்டல் ஒரு காலத்தில் மடமாக இருந்தது. தேம்ஸுக்குத் தெற்கே, கென்ட் பக்கத்துப் பேராலயத்துக்கு நடந்துபோன யாத்திரிகர்கள் படுத்தெழும்பிப் போவதற்கென்று கட்டிய கட்டடம். வழியில் சுகமில்லாமல் போனவர்களையும் அங்கேயே வைத்துப் பார்த்தபடியால் அது ஆஸ்பத்திரியும்தான். பிறகு வெறும் ஆஸ்பத்திரியாகி, பிறகு பூட்டிக் கிடந்து, இப்போது ஐந்து நட்சத்திரத்தோடு நிற்கிறது. இதில் நான் யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. ஏனென்று போகப்போக விளங்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்களை வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, மடத்தின் பழைய விதிகளை வாசித்துக் காட்டினார்கள். வருகிறவரின் கால்களைக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. சுகமாக இருப்பவர் ஓர் இரவு தங்கலாம். சுகமில்லாதவர் எழும்பி நடக்கும்வரை தங்கலாம். அது முடிந்ததும் எங்களுக்கான விதிகளை வாசித்தார்கள். அதில் முதலாவது, விருந்தினர் அறையில் எங்கேயும் உட்காரக் கூடாது என்பது. கட்டில் விளிம்பிலும் கூடாது, கதிரையிலும் கூடாது. எனக்கு அப்போதே சிரிப்பு வந்தது. களைத்தவர்கள் படுப்பதற்கென்று கட்டிய வீட்டில் களைத்தவர்கள் உட்காரக் கூடாதாம். பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு வருவதில்லை.

ஒரு நாளைக்குப் பதினான்கு அறைகள். பழைய வார்டை எட்டாகத் தடுத்து ஆக்கிய சூட் என்னும் பெரிய சொகுசு அறைகள் எல்லாம் என் பக்கம். மெத்தையைத் தூக்கி விரிப்பை உள்ளே செருகுவதென்றால் முழங்காலில் நிற்க வேண்டும். குளியல் தொட்டி துடைக்க முழங்காலில் நிற்க வேண்டும். கழிப்பறையின் பின்பக்கத்துக்கும் அப்படித்தான். கீழே ஸ்பாவில் யாத்திரிகர் பெயரில் ஒரு பாத மசாஜ் இருக்கிறது. டாக்சியில் வந்து இறங்குகிறவர்களின் பாதங்களுக்கு.

என்னோடு அங்கே இன்னொரு தமிழ்ப் பிள்ளை வேலை செய்கிறாள். பிள்ளை என்கிறேன், ஐம்பத்தேழு வயது. அவள் கிங்ஸ்பரியிலிருந்து வருகிறாள், நான் குட்மேய்ஸிலிருந்து. காலையில் பின்வாசலில் கண்டால், "என்னக்கா, மடத்துக்கு வந்திட்டீங்களோ?" என்று கேட்பாள். "வேறை எங்கை போறது?" என்பேன். எட்டு வருடமாக இதே கேள்வி, இதே பதில். மத்தியானம் அவள் கொண்டுவரும் இடியப்பத்தையும் என் சம்பலையும் ஒன்றாகப் போட்டுச் சாப்பிடுவோம்.

ஐம்பத்தேழு என்பது அவளுடைய உண்மையான வயது. ஹோட்டல் கம்ப்யூட்டரில் அவளுக்கு அறுபத்துமூன்று. எனக்கு உண்மையில் அறுபத்தாறு, கம்ப்யூட்டரில் ஐம்பத்தெட்டு. வெள்ளைக்காரனுக்குச் சொன்னால் தலை சுற்றும். எங்கள் ஆட்களுக்கு இது புதினமே இல்லை. கலியாண வீட்டில் உங்கள் பக்கத்தில் இருந்து வடை சாப்பிடுகிறவருக்கும் இரண்டு பிறந்தநாள் இருக்கலாம். அவர் சொல்லமாட்டார், நீங்களும் கேட்கமாட்டீர்கள்.

நான் சண்டைக்குத் தப்பி முப்பத்துமூன்று வயதில் இங்கு வந்தேன். களவாக ஆள் அனுப்பும் ஏஜென்ட் தந்தது வேறொருத்தியின் பாஸ்போர்ட், அதில் இருந்தவளுக்கு இருபத்தைந்து. கேட்டால் அந்தத் தேதியைத்தான் சொல்ல வேண்டும், அதற்கு மேல் வாய் திறக்கக் கூடாது என்று கொழும்பில் வைத்துப் பாடமாக்கிவிட்டிருந்தான். எயர்போர்ட்டில் என்னைப் பிடித்து, இனிப் பயமில்லை, உண்மையைச் சொல்லுங்கள் என்று மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டார்கள். பெயரை உண்மையாகச் சொன்னேன். ஊரை உண்மையாகச் சொன்னேன். பிறந்த தேதி கேட்டபோது பாடமாக்கியதுதான் வாயில் வந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த அதிகாரி எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு விசா, பிரஜாவுரிமை என்று எல்லாவற்றிலும் அதே தேதி ஏறிவிட்டது. ஒருமுறை இல்ஃபோர்டில் ஒரு தமிழ் வக்கீலிடம் போய், திருத்த ஏலுமா என்று கேட்டேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டு, "அம்மா, அதைக் கிளறாதேங்கோ. அப்ப பொய் சொன்னனீங்களெண்டா இப்ப இருக்கிற பாஸ்போர்ட்டையும் பறிப்பாங்கள்" என்றார்.

முதலில் எட்டு வயது குறைந்தது நல்லதுதானே என்றுகூட நினைத்திருக்கிறேன். எந்தப் பெண்ணுக்குக் கசக்கும்? இப்போது அந்த எட்டு வயதும் திரும்பி வந்து என் முழங்காலில் ஏறி இருக்கிறது. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள் பென்ஷன் எடுத்துக்கொண்டு ஆர்ச்வே முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் மாலை கட்டுகிறாள். பாஸ்போர்ட் வயதுப்படி எனக்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. என் பிள்ளைகள் வேறு, அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு மண்டபம் பார்க்க வேண்டும் என்று இப்போதே கதைக்கிறார்கள். அது முடிந்து ஆறு வருடம் என்று சொல்லும் துணிவு எனக்கு வந்ததேயில்லை.

அவளுடைய கதை வேறு. அவளுக்கு ஆறு வயது மூத்த அக்கா ஒருவர் இருந்தார். வெளிநாடு போக எல்லாம் சரிவந்து, பாஸ்போர்ட்டும் கைக்கு வந்த பிறகு, சண்டையில் செல்குண்டு விழுந்து இறந்துபோனார். இருவருக்கும் ஒரே முகவெட்டு. மிஞ்சிய பிள்ளையாவது தப்பட்டும் என்று தகப்பன் அந்தப் பாஸ்போர்ட்டிலேயே இவளை ஏற்றிவிட்டார். நெஞ்சில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டையில் இன்றைக்கும் அக்காவின் பெயர்தான். ஹோட்டலில் எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் மட்டும் தங்கச்சி என்பேன்.

போன குளிர்காலத்தில் என் வலது முழங்கால் மடிய மறுத்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், உங்கள் முழங்காலுக்கு உங்களைவிட வயது கூட என்று பகிடி விட்டார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். பிறகு வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்று அழுதேன். இந்த நாட்டில் என் உண்மையான வயதைத் துணிந்து சொன்னது அந்த எலும்பு ஒன்றுதான். டாக்டர் குனிந்து நிமிரத் தேவையில்லாத வேலை கொடுக்கும்படி ஒரு கடிதம் தந்தார்.

அந்த நேரம் பார்த்து லினன் அறை வேலை காலியானது. நிலக்கீழ்த் தளத்தில், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அறை அது. சலவையிலிருந்து வரும் விரிப்புகளைப் பார்த்து, கிழிந்ததைத் தனியாகவும் கறை போகாததைத் தனியாகவும் வைக்க வேண்டும். குளியல் அங்கிகளின் அறுந்த பட்டிகளைத் தைக்க வேண்டும். முழு வேலையும் ஒரு மேசைக்கு முன்னால், ஒரு கதிரையில் இருந்துகொண்டு. பச்சைத் துணி போட்ட பழைய மரக்கதிரை, ஆஸ்பத்திரிக் காலத்துச் சாமானாக இருக்கலாம். அதில் இருந்த அம்மா ஓய்வு பெற்றுப் போனதும், எனக்குப் படுத்தாலும் எழும்பினாலும் அந்தக் கதிரை நினைவுதான். சூட் அறையில் கட்டில் விரித்துக்கொண்டிருக்கும்போதே கீழே யாராவது போய் அதில் இருந்துவிட்டார்களோ என்று நெஞ்சு அடிக்கும். அறுபத்தாறு வயதில் ஒரு கதிரைக்காக இப்படி ஏங்குவது எனக்கே கேவலமாக இருந்தது.

எங்கள் ஹெட் ஹவுஸ்கீப்பர் போலந்துக்காரி. கடுமையானவள்தான், ஆனால் கெட்டவள் இல்லை. ஒரு காலை எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டாள். முதலில் என் கடிதத்தை எடுத்து வைத்து, வருத்தமாக இருக்கிறது என்றாள். "ஆனால் லினன் அறையை வயதில் கூடியவருக்குக் கொடுப்பதுதான் இங்கே வழக்கம். நீ ஐம்பத்தெட்டு. எனக்கு ஐம்பத்தொன்பது, நானே இன்னும் மாடி ஏறி ஓடுகிறேன்." பிறகு இவள் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "அறுபத்துமூன்று. நீதான் மூத்தவள். திங்கட்கிழமை தொடங்கு."

கதிரை கைவிட்டுப் போய்விட்டது. ஆனால் அடுத்த மூச்சிலேயே, பரவாயில்லை, இவளுக்குத்தானே, இடைக்கிடை நானும் கீழே போய் ஐந்து நிமிடம் இருக்கலாம் என்று கணக்குப் போட்டுவிட்டேன்.

இவளோ தலையை ஆட்டினாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "இவ என்னுடைய அக்கா. அக்கா நிற்கிறா. நான் எப்படிக் கதிரையில் இருக்கிறது?" என்றாள்.

போலந்துக்காரி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அக்கா என்றால் மூத்த சகோதரி என்று நீங்கள்தானே எனக்குச் சொல்லித் தந்தீர்கள்? இவள் உன்னைவிட ஐந்து வயது இளையவள்."

முப்பத்துமூன்று வருடமாகப் பொத்தி வைத்தது அந்த மேசைக்கு முன்னால் உடையப் போகிறது என்று நினைத்தேன். இவளுடைய முழங்கையைப் பிடித்து ஒரு கிள்ளுக் கிள்ளிவிட்டு, எங்கள் ஆட்களுக்குள் மரியாதைக்கு யாரையும் அக்கா என்று கூப்பிடுவோம், அதற்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை என்று சிரித்துச் சமாளித்தேன். போலந்துக்காரி தோளைக் குலுக்கினாள். பிறகு இவளிடம் கடைசியாக ஒருமுறை கேட்டாள். இவள் வேண்டாம் என்றாள்.

அன்று பின்னேரமே அந்த வேலை அறுபத்தொரு வயதுப் பிலிப்பைன்ஸ்காரிக்குப் போனது. பாவம், அவளுக்கும் இடுப்பு நோ. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கோபமெல்லாம் இவள் மேல்தான். சாமான் தள்ளுவண்டியை நடைபாதையில் குறுக்கே விட்டுவிட்டு, "உனக்கு விசரோ? காட்டிக் குடுக்கப் பாத்தியே! கையிலை வந்ததையும் தள்ளிப்போட்டு நிக்கிறாய்" என்று ஏசினேன். அவள் துவாய்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான்கு நாள் அவளோடு கதைக்கவில்லை. பின்வாசலில் அவள் நிற்பதைக் கண்டால் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டு போவேன். மத்தியானம் கன்டீனில் தரும் பாஸ்டாவைத் தனியே இருந்து விழுங்கினேன். நான் லொக்கரைத் திறந்தால் அதற்குள் ஒரு டப்பாவில் இடியப்பம் இருக்கும். அதை அப்படியே திருப்பி அவளுடைய லொக்கருக்கு மேல் வைத்துவிட்டுப் போவேன். வயது போனாலும் வீம்பு போகவில்லை.

ஐந்தாம் நாள் எனக்கு ஏலாமல் போய்விட்டது. மூலைச் சூட் அறையில் குளியல் தொட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்றவள், எழும்ப முடியாமல் தொட்டி விளிம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். கதவு திறந்தது. அவள்தான். தன் பக்கத்து அறைகளை முடித்துவிட்டு வந்திருந்தாள். என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, கழிப்பறை மூடியை இறக்கி அதில் என்னை இருத்தினாள். பிறகு என் கையிலிருந்த துணியை வாங்கி, தான் முழங்காலில் நின்று தொட்டியைத் துடைக்கத் தொடங்கினாள்.

அவளுடைய முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்தான் திரும்ப வந்தது.

"ஆர் உன்னட்டை மரியாதை கேட்டது?" என்றேன். "நான் நிண்டால் நிண்டிட்டுப் போறன். நீ அந்தக் கதிரையிலை இருந்திருந்தா நானும் கீழை வந்து அஞ்சு நிமிசம் இருந்திருப்பன். இப்ப ரெண்டுபேருமெல்லோ நிக்கிறம்."

"மரியாதைக்கு மட்டுமில்லையக்கா."

"பின்னை?"

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "அந்தக் கதிரை எனக்குத் தந்ததில்லை. அறுபத்துமூண்டு வயசுக்குத் தந்தது. அது அவவின்ரை வயசு. அவவின்ரை பேரிலை பிளேன் ஏறினன். அவவின்ரை பேரிலை கலியாணம் எழுதினன். என்ரை பிள்ளையளின்ரை பேத் சேட்டிபிக்கட்டிலை தாய் எண்டு இருக்கிறது அவ. அதெல்லாம் வேறை வழியில்லாமல் எடுத்தது. முழங்கால் நோகுது, கொஞ்சம் இருக்கப்போறன் எண்டு சொல்லுற வயசுக்கு அவ வரேல்லை. வந்திருந்தா, அவ ஆறி இருக்கிற கதிரை அது. அதையும் நான் எடுக்கிறதோ? எனக்கு ஏலாதக்கா."

நான்கு நாளும் நான் என் முழங்காலை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அவள் குழாயைத் திறந்து சவர்க்கார நுரையைக் கழுவினாள். தண்ணீர் போய் முடிந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "உயிரோடை இருந்தா இப்ப அவவுக்கு அறுபத்துமூண்டு, என்ன?" என்று கேட்டேன்.

"ஓம்."

"எனக்கு அறுபத்தாறு. அப்ப அவ எனக்கும் தங்கச்சிதானே."

அவள் முழங்காலில் நின்றபடியே திரும்பி என்னைப் பார்த்தாள். தன் அக்காவை யாருக்கும் இளையவராக அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்திருக்கமாட்டாள். கண் நிறைந்து வழிந்தது. ஈரக்கையைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"ஓமக்கா," என்றாள். "அப்ப அவவும் அந்தக் கதிரையிலை இருந்திருக்கமாட்டா. உங்களை நிக்கவிட்டிட்டு."